கேசரி விழுங்கிய குரைப்புகள்

எங்க தளவாய் காலனிக்கு நீங்க எப்பமாவது வந்தா, பேசிக்கிட்டு இருக்கும்போதே யாராவது நடுவுல வள்ளுன்னு ஒண்ணு குரைப்பாவ, பதறிராதீங்க, தும்முனவங்களுக்கு நூறு வயசுன்னு சொல்லுதோம்லா அது மாதிரி "போட்டும், போட்டும்"னு சொல்லிட்டு, விட்ட எடத்துலயிருந்து பேச்சைத் தொடந்துகிட்டாப் போதும். குரைச்சவ முந்தானையால வாயைத் துடைச்சுக்கிட்டு, மார்க்கெட்ல கத்திரிக்காய் சொத்தையா இருந்த கதையைச் சொல்லி முடிப்பா. இது எப்படி வந்துதுன்னு வெளியூர்க்காரங்க கேட்டா இங்க ஆளுக்கொரு கதை அளக்காவ, ஒருத்தன் தாமிரவருணித் தண்ணிங்கான், இன்னொருத்தன் செல்போன் டவருங்கான், வாய் இருக்குன்னு என்ன வேணாலும் பேசிரலாமா? ஞானதிரவியம் அண்ணாச்சி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒத்தைக்கல் சுவரு, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இட்லி மாவு அரைச்சு விக்கிற கோமு நான் உயிரோட இருக்கேன்லா, எங்கிட்ட கேக்கணும்.

அண்ணாச்சி பஸ் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவரு. பேச்சே கெடையாது, கேட்டதுக்குப் பதில் வாங்குததுக்குள்ள நமக்குத் தோசை கருகிரும். அவரு சம்சாரம் ரஞ்சிதம் மைனி அதுக்கு நேர் எதிர், பொம்பளப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல வார்டனா இருந்தவ, காலையில வாயைத் தொறந்தா ராத்திரி படுக்கையில போட்டுத்தான் மூடுவா, அவ அண்ணாச்சியை ஏசுததைக் கேட்டுத்தான் நான் மணி பாப்பேன். "இப்படி ஏசுதாளே, உங்களுக்கு ஒண்ணும் தோணாதா அண்ணாச்சி?"ன்னு ஒருநாள் கேட்டேன். "அவ பேசுவா, நான் கேப்பேன். அதாம்மா எங்க குடும்பம்"னாரு. அந்த மனுசன் எங்கிட்ட அதுக்கு முன்னால அவ்வளவு நீளமாப் பேசுனதே கெடையாது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் மறதி வந்துது. முதல்ல சாவி மறந்துது, பொறவு அடுப்பு மறந்துது, பொறவு துபாய்ல இருக்க மகன் ஜெபராஜ் பேரு மறந்துது, கடைசியில வார்த்தைகளே ஒண்ணொண்ணா வீட்டை விட்டுப் போக ஆரம்பிச்சுது, கல்யாண வீட்டுல பந்தி முடிஞ்சதும் சொந்தக்காரங்க சொல்லாமக் கொள்ளாமக் கெளம்புவாங்கல்லா, அப்படி. பசிக்குன்னு சொல்லத் தெரியல, வலிக்குன்னு சொல்லத் தெரியல. எல்லாம் போய் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் போக்கிடம் இல்லாம அவகிட்ட தங்கிட்டு. அது நாயை ஏசுத வாக்கியம்.

அவிய வீட்டு நாய்க்குக் கேசரின்னு மைனிதான் பேரு வச்சா, நெய் கொஞ்சம் கூடிப்போன கேசரி நிறத்துல இருக்கும். நாட்டு நாய். ஒரு மழைநாள்ல வாசல்ல வந்து ஒதுங்கினது அப்படியே குடும்பத்துல சேந்துட்டு. ஆனா அது குரைக்கும் பாருங்க, ஏ அப்பா! தபால்காரனுக்குக் குரைக்கும், பால்காரனுக்குக் குரைக்கும், காக்காய்க்குக் குரைக்கும், காயப்போட்ட சேலை காத்துல ஆடுனா அதுக்கும் குரைக்கும், ஒண்ணுமே இல்லன்னா ஒண்ணுமே இல்லையேன்னு குரைக்கும். அது குரைக்க வேண்டியதுதான், நாற்காலியில செவனேன்னு உக்காந்திருக்க மைனி நிமிந்து, பழைய வார்டன் தொண்டையில, ஹாஸ்டல் மூணு மாடிக்கும் கேக்குத மாதிரி, "சவத்து மூதி, சும்மா கெட!"ம்பா. கேசரி இன்னும் ரெண்டு குரைக்கும், இவ இன்னும் ரெண்டு ஏசுவா. கேசரி குரைக்கலன்னா மைனிக்கும் வாய் தொறக்காது, நாம உலுக்கிக் கேட்டாலும் தொறக்காது. நாய் வாயில இருந்துதான் அவ வாய்க்குச் சாவி வந்துது.

அண்ணாச்சி அந்த நேரமெல்லாம் செய்யுத வேலையைப் போட்டுட்டு மைனி முன்னால வந்து நின்னுக்கிடுவாரு. "என்னண்ணாச்சி, நாயை ஏசுததை வேடிக்கை பாக்கேள்?"னு கேட்டா, "நாயை ஏசுதான்னு யாரு சொன்னா, என்னை ஏசுதான்னு நெனச்சுக்கிடுவேன்"ம்பாரு. அதை முதல்ல கேட்ட அன்னைக்கு மாவுக் கையைக் கழுவப் போறமாதிரி உள்ள போயிட்டேன்.

இதெல்லாம் காலனிக்கு வேணுமே. சங்கச் செயலாளர் ஆவுடையப்பன் வீட்டுல மக பிரசவத்துக்கு வந்திருந்தா, பச்சப்பிள்ளை கேசரி குரைக்கும்போதெல்லாம் தூக்கி வாரிப்போட்டு முழிச்சு அழுதுது. அவரு கெட்ட மனுசன் இல்ல, ஆனா பேரப்பிள்ளை பொறந்தபொறவு எந்த மனுசனுக்குக் கண்ணு தெரியுது? நாலு பேரைக் கூட்டிக்கிட்டு அண்ணாச்சி வாசல்ல வந்து நின்னுட்டாரு.

"டிரைவர் சார், ஒண்ணு நாய் வாயை மூடணும், இல்லன்னா வண்டியில ஏத்தி ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டுருவோம். கோவிச்சுக்கிடாதீங்க, பிள்ளை பால் குடிக்க மாட்டேங்குது."

"கோவமில்ல சார்," அண்ணாச்சி கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "ஆனா அது போயிட்டா இவளுக்குப் பேச்சு போயிரும்."

"மேடம் இப்ப எங்க சார் பேசுதாவ? ஏசத்தான செய்யுதாவ?"

"அதுதான் சார் இருக்கு. அதுவும் போயிரும்."

அந்த நேரம் பாத்து கேசரி ஆவுடையப்பன் வேட்டியைப் பாத்துக் குரைச்சுது, உள்ளயிருந்து மைனி "சவத்து மூதி, சும்மா கெட!"ன்னா. ஆவுடையப்பன் மூஞ்சி சுண்டிப்போச்சு, அந்த மரியாதை நாய்க்கா தனக்கான்னு அவருக்குத் தெரியல. அடுத்த மாசக் கூட்டம் வரைக்கும் தவணை சொல்லிட்டுப் போயிட்டாரு.

அண்ணாச்சி போட்ட கணக்கு எனக்குத் தெரியும். நாயை ஊமையாக்கணும்னு அவரு நெனைக்கல, கொஞ்சமாக் குரைக்கப் பழக்கிருவோம், காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, காலனிக்கும் தொந்தரவு இல்ல, மைனிக்கும் நாலு வார்த்தை கெடைக்கும், நாயும் வீட்டுல கெடக்கும்னு கணக்கு. பஸ்ஸை ஓட்டுன மனுசன்லா, பிரேக்கைப் பாதி அமுக்குனா வண்டி பாதி நிக்கும்னு நெனைச்சிட்டாரு. பழக்கத்துல பாதி உண்டுமா?

துபாய்ல இருந்து ஜெபராஜ் செல்போன்ல வீடியோ எல்லாம் பாத்துட்டு வழி சொன்னான். ஸ்பீக்கர்ல போட்டாரு, சுவரு வழியா நானும் கேட்டேன்.

"அப்பா, நாய் குரைக்கும்போது ஏசவே கூடாது. நாம சத்தம் போட்டா, நாமளும் அதுகூடச் சேந்து குரைக்கோம்னு அது சந்தோசப்படும். அமைதின்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க, மெதுவாச் சொல்லுங்க. அது வாயை மூடுன உடனே, அந்த நிமிசமே, பிஸ்கட் குடுத்துரணும்."

"சரிடே."

"வீட்டுல எல்லாரும் ஒண்ணுபோலச் செய்யணும்பா. ஒருத்தர் ஏசிக்கிட்டே இருந்தா அது பழகவே பழகாது."

"அம்மா ஏசுவாளேடே."

"அம்மாவையும் சும்மா இருக்கச் சொல்லுங்க, கொஞ்ச நாளைக்குத்தான?"

அண்ணாச்சி போனை வச்சாரு. பொறவு கடைக்குப் போய் ஒரு தகர டப்பா நெறைய மேரி பிஸ்கட் வாங்கிட்டு வந்தாரு.

அதுலயிருந்து அந்த வீட்டுல நடந்ததைப் பாத்தா உங்களுக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். காக்கா வந்து சுவர்ல உக்காரும், கேசரி குரைக்கும், மைனி ஏச வாயெடுப்பா, அண்ணாச்சி ஒரு கையை நாய்க்குக் காட்டி மறு கையை மைனிக்குக் காட்டி, போலீஸ்காரன் நாலுமுக்கு ரோட்டுல நிக்குத மாதிரி நின்னுக்கிட்டு "அமைதி"ம்பாரு. நாய் வாயை மூடுச்சுன்னா நாய்க்கு ஒரு பிஸ்கட். மைனி வாயை மூடுனா மைனி உள்ளங்கையில ஒரு பிஸ்கட். "சபாஷ் கேசரி, சபாஷ் ரஞ்சி"ன்னு ரெண்டு பேரு தலையையும் தடவிக் குடுப்பாரு. ஆவுடையப்பன் வீட்டுக்காரங்க முதக்கொண்டு காலனி பூராவும் ஒத்தாசைக்கு வந்துட்டு, பால்காரன் பையில பிஸ்கட், தபால்காரன் பையில பிஸ்கட், அந்த வழியாப் போறவன் வாறவன் எல்லாம் கேசரியைப் பாத்து "அமைதி, அமைதி"ன்னு சாமியார்கணக்கா சொல்லிட்டுப் போனான். நல்ல காரியம்னா நம்ம ஆளுங்க கூடிருவாங்கல்லா.

ஒருநாள் காலையில கரண்டு ரீடிங் எடுக்க ஆளு வந்தான். கேசரி எந்திச்சுது, வாயைத் தொறந்துது, டப்பாவைப் பாத்துது, வாயை மூடிக்கிட்டுது. மாத்திரை முழுங்குத மாதிரி அதுக்குத் தொண்டையில ஒண்ணு ஏறி எறங்குனதை நான் என் கண்ணால பாத்தேன். அதே நேரம் எதிர்வீட்டு மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்த கனகா, பாவாடையை ஒரு கையிலயும் கிளிப்பை ஒரு கையிலயும் வச்சுக்கிட்டு, ரீடிங்காரனைப் பாத்து வள்ளுன்னு குரைச்சா. அவன் நிமிந்து பாத்தான், "நாயைக் கட்டிப் போடுங்கம்மா"ன்னுட்டு மீட்டரைப் பாத்து எழுதிக்கிட்டுப் போயிட்டான். கனகா மிச்சத் துணியையும் காயப்போட்டா.

மத்தியானத்துக்குள்ள இன்னும் அஞ்சாறு பேருக்கு வந்துட்டு. கேசரி முழுங்குத ஒவ்வொரு குரைப்பும் காலனியில யாரு வாய் வழியாவது வெளிய வந்துதான் தீரும்னு எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு, அதைப் பத்தி யாரும் பெருசா அலட்டிக்கிடல, வேலைவெட்டி கெடக்குல்லா. போயிப் பாத்த காது மூக்கு தொண்டை டாக்டரும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, தொண்டையும் நல்லா இருக்கு, குரைப்பும் நல்லாத் தெளிவா இருக்குன்னு சொல்லிட்டாரு. சிவன் கோயில் குருக்களுக்கு பைரவர் சன்னதியில மந்திரம் சொல்லும்போதே வந்துது, சாமி வாகனமே வந்து சொன்ன மாதிரின்னு தேய்பிறை அஷ்டமிக்குக் கூட்டம் நெரியுது. அண்ணாச்சி போற சர்ச்சுல பாட்டுக்காரக்காவுக்குப் பிரசங்கத்துக்கு நடுவுல வந்துது, பாஸ்டர் ஐயா ஆமென் சொன்னதுக்கு நிறுத்துத மாதிரி ஒரு நிமிசம் நிறுத்திட்டு மேல போனாரு. மூணாவது தெரு டீச்சர் பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது குரைச்சிருக்கா, எந்தப் பேருன்னு விளங்காம ஒருத்தன் எந்திச்சு உள்ளேன் டீச்சர்னானாம்.

இதுக்கெல்லாம் ஒரு முறையும் உண்டாயிட்டு. சாப்பாட்டு எலைக்கு முன்னால வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கிடணும், பெரியவங்க எதுக்க வந்தா துண்டை வாய்ல வச்சுக்கிடணும், துட்டி கேக்கப் போன சாவு வீட்டுல வந்தா வெளிய போய்க் குரைச்சிட்டு வரணும். பொண்ணு பாக்க வந்த எடத்துல கனகா மக காப்பித் தட்டோட நிக்கையில வந்துட்டு, தட்டு ஆடல, காப்பி தளும்பல. மாப்பிள்ளைக்கு அம்மைதான், "பொண்ணு ஊமை இல்லன்னு தெரிஞ்சுபோச்சு, வாய்ப்பாட்டு வேற பாடச் சொல்லணுமா, தட்டை மாத்துங்க"ன்னுட்டா. கல்யாணமும் நடந்து, அந்தப் பிள்ளை தென்காசியில குடும்பம் நடத்துது, எப்பமாவது ஒண்ணு அங்கயும் வருதாம்.

ஆவுடையப்பன் வீட்டுப் பேரப்பிள்ளையும் சொகமாத் தூங்குச்சு. அம்மையும் ஆச்சியும் தாத்தாவும் காதுகிட்டக்கயே குரைச்சாலும் அசையல, சொந்தக்காரங்க குரைப்புன்னா பிள்ளைகளுக்கு விளங்கும்போல. மாசக் கூட்டத்துல சங்கம் அண்ணாச்சிக்குச் சால்வை போட்டு, இனிமே காலனியில வேற எந்த நாயையும் யாரும் பழக்கப்பிடாதுன்னும் தீர்மானம் போட்டுது. ஒரு நாய்க்கே இந்தப் பாடுன்னா இன்னொண்ணு தாங்குமா, யாரு குரைக்க?

குரைப்பு வராத வீடு ஒண்ணே ஒண்ணுதான். அண்ணாச்சி வீடு. நாய்க்கும் சோறு போட்ட வீடுன்னு ஒரு இது இருக்கும்போல.

சால்வையைத் தோள்ல போட்டுக்கிட்டு அண்ணாச்சி வீட்டுக்கு வந்தாரு. மைனி நாற்காலியில இருந்தா, கேசரி அவ காலடியில கெடந்துது. ரெண்டும் அவரை நிமிந்து பாத்துது, ரெண்டும் வாயைத் தொறக்கல. வீட்டுக்குள்ள ஃபேன் ஓடுத சத்தம் மட்டும்தான். அன்னைக்குத்தான் அவருக்கு உறைச்சிருக்கு, மைனி குரலைக் கேட்டு எத்தன நாளாச்சுன்னு. என் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு, "கோமு, ரஞ்சி கடைசியா எப்பம்மா பேசுனா?"ன்னாரு. எனக்கும் நெனப்பு வரல. சுவத்துக்குப் பக்கத்துல இருக்க எனக்கே நெனப்பு வரல பாருங்க, சத்தம் நின்னுபோனா நின்னுபோச்சுன்னு யாருக்குத் தெரியுது?

அப்பம் புடிச்சு அந்த மனுசன் பட்ட பாடு. டப்பாவைத் தூக்கிப் பரண்ல போட்டாரு. கேசரியைக் குரைக்க வைக்கணும்னு வெளிய போய் அந்நிய ஆளு மாதிரி தன் வீட்டுக் கதவையே தட்டுனாரு. பெட்டியில இருந்த காக்கி யூனிஃபாரத்தை எடுத்து மாட்டிக்கிட்டு, தொப்பியும் வச்சுக்கிட்டு, சுவரேறிக் குதிச்சாரு, அந்த வயசுல, முட்டி ரெண்டும் தேஞ்ச மனுசன். எங்கயிருந்தோ ஒரு பூனையைப் பிடிச்சுக்கொண்டு வந்து அது முன்னால விட்டாரு. கேசரி ஒவ்வொண்ணையும் பாக்கும், எந்திக்கும், வாயைத் தொறக்கும், மூடி முழுங்கிட்டு அவரு கையைப் பாக்கும். ரெண்டு தெரு தள்ளி யாராவது குரைக்கதுதான் காதுல விழும். "குரைலே, குரைச்சுத் தொலையேன், ஏசாம உன்னைக் கும்பிடுதேன்லே"ன்னு அதும் மூஞ்சியைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாச்சி அழுதாரு. அது அவரு கண்ணை நக்கிவிட்டுது, அதுக்கு என்ன தெரியும்?

விசயம் காலனிக்குத் தெரிஞ்சுது. குத்தம் சொல்லக்கூடாது, நம்ம ஆளுங்க நல்லவங்கதான், காரியம் கெட்டபொறவு எல்லாரும் நல்லவங்கதான். குரைப்புதான வேணும், எங்ககிட்ட இருக்கேன்னு கெளம்பி வந்துட்டாங்க. ஞாயித்துக்கெழமை சர்ச்சு முடிஞ்சு, கறிச்சோறு முடிஞ்சு, நல்ல துணி உடுத்திக்கிட்டு, தொண்டைக்குள்ள குரைப்பு ஏறுனவங்க அதை வெத்தலை எச்சில் மாதிரி வாய்க்குள்ளயே அடக்கிப் பிடிச்சுக்கிட்டு, பேசாம கொள்ளாம வேகுவேகுன்னு ஓடிவந்து மைனி முன்னால வந்து நின்னு வாயைத் தொறந்து விட்டாங்க. கனகா குரைச்சா. குருக்கள் குரைச்சாரு. டீச்சர் குரைச்சா. எனக்கும் ஒண்ணு வந்துது, மாவுச்சட்டியை அப்படியே போட்டுட்டு ஓடி, என் சக்தியெல்லாம் கூட்டி அவ காதுகிட்டக்கக் குரைச்சேன்.

மைனி எல்லாரையும் பாத்துச் சிரிச்சா. வீட்டுக்கு வந்தவங்களைப் பாத்துச் சிரிக்குத சிரிப்பு. உக்காரச் சொல்லுத மாதிரி கையைக் காட்டுனா. ஒரு சொல்லு வரல.

கடைசியா ஆவுடையப்பன் வந்தாரு. வாய் உப்பிப்போய் கண்ணு செவந்திருந்துது, ரொம்ப நேரமாப் பிடிச்சு வச்சிருந்திருக்காரு. நின்னுக்கிட்டுக் குரைச்சா நாய்னு மைனி நம்ப மாட்டாள்னு அவருக்கா ஒரு எண்ணம், கஞ்சி போட்ட வேட்டியோட தரையில கையை ஊணி முட்டி போட்டு, மைனி காலடியில கேசரி பக்கத்துல போய் நின்னு, அவ மூஞ்சியைப் பாத்து அடிவயித்துலயிருந்து குரைச்சாரு, அப்படி ஒரு குரைப்பை நான் கேசரிகிட்டக்கூடக் கேட்டதில்ல. "ஏசுங்க மேடம், என்னை ஏசுங்க"ன்னு கைகூப்புனாரு. மைனி உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு, மெதுவா உள்ளங்கையை விரிச்சு மடியில வச்சா.

"ஐயோ பாவம், கைகுடுக்கச் சொல்லுதாவ"ன்னு ஆவுடையப்பன் அந்தக் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அவ கையை உருவிக்கிட்டுத் திரும்பவும் விரிச்சா. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அண்ணாச்சியைப் பாத்தேன், அவருக்கும் புரிஞ்சுபோச்சு. பேரு மறந்து, ஊரு மறந்து, பெத்த பிள்ளையை மறந்தவளுக்குப் புதுசா ஒண்ணு படிக்க முடியும்னு யாரு கண்டா? இத்தன நாளும் அவ ஒழுங்கா, பிசகாம, சொன்னபடி சும்மா இருந்துக்கிட்டு, பரண்ல தூக்கிப் போட்ட பிஸ்கட்டுக்காகக் காத்துக்கிட்டுல்லா இருந்திருக்கா.

அன்னைக்கு வந்தவங்க எல்லாரும் செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு ஒவ்வொருத்தராப் போயிட்டாங்க. அதுக்குப் பொறவு யாரும் குரைக்க வரல. யாரையும் சொல்லிக் குத்தமில்ல, எத்தன நாளைக்கு வருவாங்க? அண்ணாச்சி டப்பாவை எறக்கி முந்தி இருந்த எடத்துல வச்சாரு. குடுக்காம இருக்க அவருக்கு மனசு வரல. மைனிக்குச் சாப்பாடு ஊட்டிவிடுவாரு, தலை சீவிவிடுவாரு, வாழ்நாள் பூராவும் பேசாம இருந்த மனுசன் பேசிக்கிட்டே செய்வாரு, இன்னைக்குப் புளி சரியில்ல ரஞ்சி, ஜெபராஜ் போன் பண்ணுனான் ரஞ்சி, கோமு மாவு கொஞ்சம் புளிச்சுப்போச்சு ரஞ்சின்னு எங்கிட்ட சொல்லாததை எல்லாம் அவகிட்ட சொல்லுவாரு. யாரு பேசுனா என்ன, பேச்சு இருந்தாச் சரின்னு நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கிடுவேன்.

போன ஆனி மாசம், சாரல் காத்து அடிச்சுக்கிட்டு இருந்த ஒரு காலைநேரம், நான் அவிய வீட்டுக்கு மாவு குடுக்கப் போயிருந்தேன். அண்ணாச்சி சாம்பாருக்கு உள்ளி உரிச்சுக்கிட்டு இருந்தாரு, மைனி நாற்காலியில, கேசரி அவ கால்மேல தலையை வச்சுக்கிட்டு. வெளிய சிலிண்டர்காரன் கணீர்னு ஒரு சிலிண்டரை எறக்குனான். கேசரி தலையைத் தூக்குச்சு, வாயைத் தொறந்துது, மூடுச்சு, முழுங்குச்சு. இது எந்த வீட்டுல வரப்போகுதோன்னு நான் காதைக் குடுத்துக்கிட்டு நின்னேன்.

மைனி வாயில வந்துது.

வள்ளுன்னு, முழுக் குரைப்பு, அந்தப் பழைய வார்டன் தொண்டையில. ஜன்னல் கண்ணாடி அதிந்துது. அண்ணாச்சி முன்னால இருந்த அரிவாமனை சரிஞ்சு விழுந்துது, உள்ளி அம்புட்டும் தரையில உருண்டுது, அவரு எந்திரிச்சு மைனியைப் பாக்காரு, நானும் பாக்கேன். அவ குரலைக் கேட்டு வருசம் ஆயிட்டு. நான் "ஏசுவே"ன்னேன், "கர்த்தரே"ன்னேன், எங்க சாமி பேரு ஒண்ணுகூட எனக்கு வாயில வரல. மைனி ரெண்டாவதும் குரைச்சா. அண்ணாச்சி சிரிக்காரு, கண்ணுல தாரைதாரையா ஊத்துது, கையைக் காலை எங்க வைக்கன்னு தெரியல அவருக்கு.

அந்த வீட்டுல ஒரு குரைப்பு கேட்டா அதுக்குப் பதில் ஒண்ணே ஒண்ணுதான் உண்டு, வருசக்கணக்கா அப்படித்தான் அந்த வீட்டுப் பேச்சு. பதில் சொல்லவேண்டியவ குரைச்சிட்டா, அப்பம் பதிலை யாரு சொல்ல? பெண்டாட்டியை ஒருநாளும் ஒரு வார்த்தை ஏசாத மனுசன், சந்தோசத்துல, தொண்டை கிழிய, மைனி சொல்லுத அதே ராகத்துல, "சவத்து மூதி, சும்மா கெட!"ன்னாரு.

சொல்லிட்டு, அவ இன்னொண்ணு குரைப்பா, நாம இன்னொண்ணு சொல்லுவோம்னு அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னாரு. நானும் பாத்துக்கிட்டு நின்னேன்.

மைனி வாயை மூடிக்கிட்டா. அவ தொண்டையில ஒண்ணு ஏறி எறங்குச்சு. நாலாவது வீட்டுல ஆவுடையப்பன் குரைக்கது கேட்டுது.

"இல்ல ரஞ்சி, உன்னைச் சொல்லல, உன்னைச் சொல்லலம்மா, நீ குரை, ஒண்ணே ஒண்ணு குரை"ன்னு அண்ணாச்சி அவ கால்ல விழுந்து கெஞ்சுனாரு. மைனி குனிஞ்சு அவரைப் பாத்தா, நான் சரியாத்தான செஞ்சேன்னு கேக்குத பாவனையில பாத்தா, பாத்துட்டு உள்ளங்கையை விரிச்சு நீட்டுனா.

அண்ணாச்சி முட்டியைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு, உள்ள போய் டப்பாவை எடுத்துக்கிட்டு வந்தாரு. வேற என்ன செய்வாரு சொல்லுங்க, அவ கையை நீட்டிக்கிட்டுல்லா இருக்கா.